தகரமூடி

எங்கள் பட்டறைத் தெருவில் கடலை உடைக்கும் இயந்திரத்துக்கு யாரும் மூடி போடுவதில்லை. போகிறவன் வருகிறவன் குனிந்து பார்ப்பான். அதேபோல் ஒன்று செய்து, தனக்குத் தோன்றியதையும் சேர்ப்பான். சல்லடையைச் சரித்து வைத்தவர் மஸ்தான். உருளைக்கு டயர் ரப்பர் சுற்றியவள் பவுலின். தோல் பறக்க விசிறி வைத்தவன் நான். ஞானதுரை எல்லாவற்றையும் சேர்த்து ஒன்று செய்தான். தகரமூடி போட்டுப் பற்றவைத்து, அதில் தன் பெயரைப் பொறித்தான். இனிமேல் தன்னைக் கேட்காமல் யாரும் செய்யக் கூடாதென்று வக்கீல் நோட்டீஸ் அனுப்பினான்.

முதல் ஓட்டத்திலேயே அது சிக்கி நின்றது. மூடியை அறுத்துவிட்டு, வழக்கம்போல் எங்களைக் கூப்பிட்டான். ஆளுக்கொரு ஸ்பேனரோடு போனோம்.

"எங்க சிக்குதுன்னு பாருங்கண்ணே."

"பாக்க வரலப்பா," என்றார் மஸ்தான். "அவங்கவங்க சாமான கழட்டிட்டுப் போக வந்தோம்."

ஞானதுரை குறுக்கே வந்து நின்றான். பவுலின் அவனைத் தள்ளிவிட்டு ரப்பரை உருவினாள். சல்லடை போயிற்று, விசிறி போயிற்று. கடைசியில் ஒரு ஸ்பிரிங் மிஞ்சியது. அதை முதலில் யார் சேர்த்தது என்று ஒருவருக்கும் நினைவில்லை. தன்னுடையது என்றார் மஸ்தான். என்னுடையது என்றேன் நான்.

மறுநாள் காலை தெரு முழுக்க மூடிக்குத் தகரம் வெட்டும் சத்தம்.