குரங்கு அழித்த கோடு

பேக்கரிக்குப் பின்னாலிருந்த தோப்பில் அணில் குட்டிகள் கேக் துணுக்குகளைத் தின்று தின்று ஊதிப்போயிருந்தன. ஒருநாள் ஒரு குட்டி கிளை தாவ முடியாமல் விழுந்து காலை ஒடித்துக்கொண்டது. அன்றே செவந்தி என்ற தாய் அணில் தரையில் கோடு கிழித்து, எல்லாக் குட்டிகளையும் கபடி ஆடக் கூப்பிட்டது.

தோப்புக்குத் தலைவனான குரங்கு மரத்திலிருந்து இறங்கி வந்து சீறியது. "உங்க சத்தத்துல என் தூக்கம் போச்சு. ஆட்டத்தை நிறுத்து!"

"நிறுத்த மாட்டேன். இதுங்க ஓடியே ஆகணும்" என்றது செவந்தி.

குரங்கு கோட்டைக் காலால் அழித்தது. செவந்தி அதன் கண்ணெதிரே மறுபடி கிழித்தது. ஏழு நாளும் இப்படியே நடந்தது.

எட்டாம் நாள் குரங்கு காலைத் தூக்கியபோது, உடம்பெல்லாம் புழுதியோடு அதன் சொந்தக் குட்டியே குறுக்கே வந்து நின்றது.

"தள்ளி நில்லுங்கப்பா, நான் ரெய்டு போகணும்."