சந்தேகம் கேட்காத தெர்மாமீட்டர்

ஒரு ஆஸ்பத்திரி வார்டில், கையில் சுற்றி ரத்த அழுத்தம் பார்க்கும் பழைய பி.பி. பட்டை இருந்த டிரேயில், புதிதாக ஒரு தெர்மாமீட்டர் வேலைக்குச் சேர்ந்தது.

“அக்கா, குழந்தை துள்ளினா அக்குள்ல நழுவாம எப்படி நிக்கிறது?” என்று அது பட்டையிடம் கேட்டது.

“இதுகூடத் தெரியாமத்தான் வேலைக்கு வந்தியா?” என்றது பட்டை. பஞ்சும் கத்தரிக்கோலும் விழுந்து விழுந்து சிரித்தன.

அதற்குப் பிறகு தெர்மாமீட்டர் யாரிடமும் எதையும் கேட்கவில்லை. மறுநாள், காய்ச்சலில் அழுது துள்ளிய ஒரு குழந்தையின் அக்குளிலிருந்து நழுவி, தரையில் விழுந்து உடைந்தது.

‘நர்ஸ் குழந்தையோட கையை நெஞ்சோட சேர்த்து அணைச்சுப் பிடிக்கிற வரைக்கும் பொறு.’ அவ்வளவுதான் சொல்ல வேண்டியிருந்தது. எந்தக் கையானாலும், இறுக்கிய பிறகு மெல்லத் தளர்த்தும்போதுதான் துடிப்பு கேட்கும். வருஷக்கணக்காக அதையே செய்துவந்த பட்டைக்கு, அன்று மட்டும் தளர்த்தத் தோன்றவில்லை.

அடுத்த வாரம் வேறொரு தெர்மாமீட்டர் வந்தது. பட்டை தானாகவே அதன் பக்கத்துக்கு நகர்ந்து, “என்ன சந்தேகம்னாலும் என்னைக் கேளும்மா” என்றது.

பஞ்சு ஏற்கெனவே எல்லாக் கதையையும் அதனிடம் சொல்லியிருந்தது. தெர்மாமீட்டர் உறைக்குள் ஒடுங்கியது.

“எனக்கு எல்லாம் தெரியும்க்கா.”