அவசரப்படாதீங்க மச்சான்!

அச்சகம் நடத்தும் மச்சான் சாயங்காலம் தையல்கடைக்குள் நுழைந்தபோதே முகம் தொங்கிப்போயிருந்தது.

"மாப்ள, கடன் கழுத்தை நெரிக்குது. பேசாம திவால் மனு போட்டுடலாமா?"

தையல்காரர் கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டுப் பதறினார். "அவசரப்படாதீங்க மச்சான்! ஊர் வாய்க்கு நாமளே அவல் போடணுமா? ரெண்டு மாசம் பல்லைக் கடிச்சிட்டு இருங்க, எல்லாம் சரியாயிடும்."

"நீங்க சொன்னா சரிதான்." மச்சான் கண்ணைத் துடைத்துக்கொண்டார். காபியைக் குடித்துவிட்டு, பெட்ரோலுக்குக் கொஞ்சம் காசும் வாங்கிக்கொண்டு கிளம்பினார்.

மறுநாள் நீதிமன்றம் திறந்ததும் முதல் ஆளாகப் போய் நின்றார் தையல்காரர். கையில் தன்னுடைய திவால் மனு!

பின்னே? மச்சான் வாங்கிய கடனுக்கு இவர் ஜாமீன். இவர் வாங்கியதற்கு மச்சான் ஜாமீன். யார் முதலில் கையை விரிக்கிறாரோ, அவர் கடன் மற்றவர் கழுத்தில் விழும்.

குமாஸ்தா மனுவைப் புரட்டினார். "உங்களுக்கு ஜாமீன் போட்ட இந்த அச்சகக்காரர் நேத்து காலையிலேயே மனு போட்டுட்டாரே! அவர் கடனையும் உங்க பட்டியல்ல சேர்த்து எழுதிட்டு வாங்க."

தையல்காரர் அலறினார். "நேத்து சாயங்காலம் எங்கிட்ட யோசனை கேட்டு அழுதாரே சார்! பெட்ரோலுக்குக் காசு வேற வாங்கிட்டுப் போனாரு!"

"சாயங்காலமா? அப்ப கவலையே படாதீங்க," என்றார் குமாஸ்தா. "மனு போட்டதுக்கு அப்புறம் வாங்கின கடன் தள்ளுபடி ஆகாது. அந்தப் பெட்ரோல் காசை மட்டும் அவர் திருப்பித் தந்தே ஆகணும்."