கிரீஸ் வைத்த கை

“சக்கரத்தைச் சுத்துற டிஃபரன்ஷியலுக்குள்ள கிரீஸ் வெச்சது யாரு?”

“நான்தாம்மா” என்றார், இருபது வருடமாக லாரி பிரிக்கும் மெக்கானிக். “காஞ்சு கிடந்துச்சேன்னு கை நிறைய அப்பினேன்.”

“அதான் சக்கரம் வழுக்குது. லாரி மாதிரி இதுக்குள்ள பல்சக்கரம் கிடையாது, இரும்புக் குண்டுதான். அது உரசிப் பிடிச்சாத்தான் வண்டி நகரும். நாலு மணிக்குக் கிளம்பணும்.”

“நானே பிரிச்சுத் துடைக்கட்டுமா?”

“உங்க கை பட்டதே போதும்.”

அவளே பிரித்தாள். கடுகளவு குண்டுகளை ஒவ்வொன்றாகத் துடைத்துப் பதித்தாள். திருகாணியைக் கால் சுற்று இறுக்கினாள். மெக்கானிக் மூச்சுவிடாமல் பார்த்தார். இத்தனூண்டு குண்டா வண்டியை இழுக்கிறது?

“இனி வழுக்காது” என்றபடி அவள் வண்டியையும் ரிமோட்டையும் தூக்கித் தன் ஸ்கூல் பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்தாள். “வாங்கப்பா, ரேஸுக்கு நேரமாச்சு.”

கையை இரண்டு முறை துடைத்த பிறகுதான் அப்பா அந்தப் பையை வாங்கினார்.