ஜன்னல் இல்லாத அறை

“இடிக்கிறதா? யாரு சொன்னா? அந்த ரூம் மேல கை வச்சா ஸ்டாஃப் என்னைச் சும்மா விடமாட்டாங்க மேடம்.”

மேலாளர் சிரித்தார். அலுவலகத்தை வடிவமைத்தவளுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. அவள் தனியாக எடுத்துச் செய்த முதல் வேலை அது. ஊழியர்கள் இளைப்பாற ஓர் அறை கேட்டிருந்தார்கள். வேறு இடம் இல்லாமல், லிஃப்டுக்கும் படிக்கட்டுக்கும் நடுவே மிஞ்சிய மூலையில் அதை அமைத்திருந்தாள். ஜன்னல் வைக்க வழியில்லை. அதை இடிக்கச் சொல்லத்தான் கூப்பிடுகிறார்கள் என்று பயந்துகொண்டே வந்திருந்தாள்.

“கணக்குப் பிரிவுல ஒரு சிடுமூஞ்சி அண்ணன் இருக்காரு. அவரே உள்ள போயிட்டு வந்தா பாட்டு முணுமுணுக்கிறாரு. அந்த அம்மாவை எங்கேருந்து பிடிச்சீங்க?”

“எந்த அம்மா?”

“உள்ள உக்காந்து நாம சொல்றதெல்லாம் பொறுமையா கேப்பாங்களே, அவங்கதான்.”

அவள் போய்க் கதவைத் திறந்தாள். வெளிர்பச்சைச் சுவர், அவளே தேர்ந்தெடுத்த சோபா, மஞ்சள் விளக்கு. யாரும் இல்லை. சோபாவில் உட்கார்ந்ததும் காலையிலிருந்து படுத்திய தலைவலி விட்டுப்போனது. சற்று நேரத்தில் சோபாவின் மறுபாதி மெதுவாக அமிழ்ந்தது. பயமாக இல்லை. நெருங்கிய தோழி வந்து உட்கார்ந்தது போலிருந்தது.

“நல்லா கட்டியிருக்கம்மா,” என்றது பக்கத்திலிருந்து ஒரு குரல். “வர்றவங்க ஒருநாள் வெளியில மழைங்கிறாங்க, ஒருநாள் வெயில்ங்கிறாங்க. எனக்கு ஒரு சின்ன ஜன்னல் வச்சுத் தர்றியா?”