இறாலுக்குப் பழகிய தண்ணீர்

போன வீட்டில் மீன் தொட்டிக்குள் சட்டென்று கொட்டியதில் பாதி உயிர் போய்க் கடைக்கே திரும்பி வந்த இறால் அது. இப்போது புது வீட்டுக்கு வந்தும் தண்ணீர்ப் பைக்குள் நடுங்கிக்கொண்டிருந்தது.

பக்கத்துப் பையிலிருந்த கோமாளி மீனுக்குப் பொறுமை இல்லை. "சுவரை அளந்து செஞ்ச தொட்டி, அண்ணே! உள்ளே பவளம்கூட இருக்கு. இந்தம்மா ஏன் நம்மள விடமாட்டேங்கறாங்க?"

பைகளைக் கொண்டுவந்த ரெஜினா தரையில் உட்கார்ந்து, மெல்லிய குழாய் வழியாகத் தொட்டித் தண்ணீரைப் பைகளுக்குள் சொட்டுச் சொட்டாக விட்டுக்கொண்டிருந்தாள். இரண்டு மணி நேரமாக எழுந்திருக்கவே இல்லை.

"நம்ம உடம்பை இந்தத் தண்ணிக்குப் பழக்குறாங்க, தம்பி," என்றது இறால். அதன் நடுக்கம் நின்றுவிட்டிருந்தது.

தொட்டியில் இறங்கியதும் மீன் பவளத்தைப் பார்க்க ஓடியது. இறாலோ, பாறையைச் சரிசெய்ய உள்ளே நீண்ட ரெஜினாவின் கைமீது ஏறி, மீன்களின் உடம்பைச் சுத்தம் செய்யும் தன் வழக்கப்படி அவள் நகங்களை ஒவ்வொன்றாகச் சுத்தம் செய்யத் தொடங்கியது. அவள் மூச்சைக்கூட அடக்கிக்கொண்டு கையை அப்படியே வைத்திருந்தாள்.