கோட்டுமயிலும் புள்ளிமயிலும்

ஒரு பட்டுக்கடையின் இணையதளத்தில் புள்ளிமயில் என்றொரு படம் இருந்தது. லட்சம் வண்ணப் புள்ளிகளால் ஆன கனத்த உடம்பு அதற்கு. ஒருநாள் அதே சாயலில் கோட்டுமயில் என்ற புதிய படம் பக்கத்தில் வந்து நின்றது. அதற்கு எடையே இல்லை.

"உன் புள்ளிகளை எங்கே ஒளித்து வைத்திருக்கிறாய்?" என்று புள்ளிமயில் கேட்டது.

"என்னிடம் புள்ளியே இல்லை அண்ணா. கோடு போட, இங்கே வளை, அங்கே நீட்டு என்று நாலு வரிக் குறிப்புதான். திரை கேட்கிற அளவுக்கு என்னை அப்போதே வரைந்துகொள்வேன்."

'வெறுங்கையோடு வந்தவன் எதையோ எடுத்துப் போகத்தான் வந்திருப்பான்' என்று நினைத்த புள்ளிமயில், தினமும் தன் புள்ளிகளை எண்ணிப் பார்த்தது. ஒன்றும் குறையவில்லை. அதனால் சந்தேகம் இன்னும் கூடியது.

தீபாவளிக்கு முன் கடைக்காரர் இணையதளத்தைச் சுவர் அளவு திரையில் போட்டுப் பார்த்தார். புள்ளிமயிலின் கழுத்து படிக்கட்டுபோல் உடைந்து, கண் கலங்கித் தெரிந்தது. அதன் இடத்தில் கோட்டுமயிலை வைத்தார். ஒவ்வொரு இறகும் தெளிவாக நின்றது.

"இனி இதுவே முகப்பில் இருக்கட்டும்" என்றார்.

"வருத்தமா அண்ணா?" என்றது கோட்டுமயில்.

புள்ளிமயில் முகத்தைத் திருப்பிக்கொண்டு முணுமுணுத்தது: "எவ்வளவு கிட்டே போய்ப் பார்த்தாலும் ஒரு குறைகூடத் தெரியவில்லை. இவனை எப்படி நம்புவது?"